சார்லியின் கூச்சத்துக்கு ஒரு காரணம் தேவையா? 'வால்ஃபிளவர்' நாவலின் முடிவு பற்றி

பின்வரிசை

முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறேன். நாவலைப் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம். சிறுவயதுப் பாலியல் துன்புறுத்தல், தற்கொலை பற்றிய பேச்சும் வரும். அது கஷ்டம் தரும் என்றால் தயவுசெய்து இந்த இழையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஸ்டீஃபன் ஷபாஸ்கியின் 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்' 1999இல் வந்தது. வால்ஃபிளவர் என்றால் கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்பவர். கதை 1991 ஆகஸ்டில் தொடங்கி 1992 ஆகஸ்டில் முடிகிறது, பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில். சார்லிக்குப் பதினைந்து வயது. உயர்நிலைப் பள்ளியில் சேரப்போகும் நேரத்தில் அறிமுகமே இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறான். சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, முகவரி கொடுப்பதில்லை. சில மாதங்களுக்கு முன்தான் அவனுடைய நண்பன் மைக்கேல் தற்கொலை செய்துகொண்டிருக்கிறான். பள்ளியில் பேச ஆளில்லை. பிறகு பாட்ரிக், சாம் என்று கடைசி வருட மாணவர்கள் இருவர் அவனைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கடைசிச் சில பக்கங்கள் வரை இந்தப் புத்தகம் எனக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்தேன். சும்மா சொல்லவில்லை. பள்ளியில் பதில் தெரிந்தும் கை தூக்காதவன் நான். நாலு பேர் இருக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன் வெளியே நின்று ஒத்திகை பார்ப்பவன். என்னைப் போன்றவர்கள் கதைகளில் வந்தால் ஒன்று கேலிப்பொருள், இல்லாவிட்டால் யாரோ வந்து திருத்திவிட வேண்டிய ஆள். சார்லியை யாரும் திருத்தவில்லை. ஒரு விருந்தில் பாட்ரிக் அவனைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறான்: இவன் பார்ப்பான், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டான், ஆனால் புரிந்துகொள்வான். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஓரமாக நிற்கும் ஒருவனை அப்படியே மதிக்கும் அந்த இடத்தை எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

பிறகு முடிவு வருகிறது. ஹெலன் அத்தை அவனுக்குச் சிறுவயதில் செய்த கொடுமை நினைவுக்கு வருகிறது, மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அதுவரை அவன் ஒதுங்கி நின்றது, அழுதது, பார்த்துக்கொண்டே இருந்தது எல்லாமே ஒரு நோயின் அறிகுறியாகிவிடுகின்றன. என் கேள்வி இதுதான்: ஒரு பையன் கூச்ச சுபாவி என்றால் அதற்குப் பின்னால் யாரோ ஏதோ செய்திருக்கத்தான் வேண்டுமா? சுபாவமாகவே இருக்கக் கூடாதா?

நூலகவாசி

நல்ல கேள்வி தோழர். ஆனால் நாவல் நீங்கள் சொல்லும் கணக்கைப் போடவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பள்ளி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு பையன் சார்லியை அடிக்க வருகிறான். அண்ணன் கற்றுக்கொடுத்திருந்தபடி சார்லி திருப்பி அடிக்கிறான், பலமாகவே அடிக்கிறான். அடித்துவிட்டு அழுகிறான். பாட்ரிக்கிடம் அவனேதான் போய்ப் பேசுகிறான், பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில். யாரும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. இதெல்லாம் வருடத்தின் தொடக்கத்தில், எந்த உண்மையும் வெளிவருவதற்கு வெகு முன்னால். அப்படியானால் கூச்சம் அவனைக் கட்டிப்போடவில்லை. பேச ஆசை வந்தபோது தயங்கித் தயங்கியாவது பேசிவிடுகிறான்.

அவனைக் கட்டிப்போடுவது வேறொன்று. சாம் ஊரைவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பும் முந்தைய இரவு முகத்துக்கு நேராகவே சொல்கிறாள்: எல்லோருடைய வாழ்க்கையையும் உன்னுடையதற்கு முன்னால் வைத்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் சொல்லாதே. கூட்டத்தில் வாய் திறக்க வராதது ஒன்று. தனக்கு என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் தெரியாதது இன்னொன்று. ஹெலன் அத்தை கதை விளக்குவது இந்த இரண்டாவதை. முதலாவதை நாவல் விளக்கவே இல்லை, விளக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

சின்னமீன்

எனக்கு பதினாறு வயசு. நூலகவாசி அண்ணா சொன்ன ரெண்டாவது விஷயத்துக்கு இன்னொரு இடம் இருக்கு. ரகசியமா காதலிச்ச பிராட்ங்கிற பையன் கூட பிரிஞ்சதும் பாட்ரிக் உடைஞ்சு போய் தினமும் சார்லியைக் கூட்டிக்கிட்டு சுத்துவான். ஒரு ராத்திரி சார்லிக்கு முத்தம் கொடுப்பான். சார்லிக்கு அதுல விருப்பம் இருக்காது, ஆனா தடுக்க மாட்டான். நண்பன்னா இதுக்குத்தானேன்னு எழுதுவான். படிக்கும்போது அய்யோ எவ்ளோ நல்லவன்னு நினைச்சேன். கடைசியில சாம் அதையே எடுத்து, அப்போ நீ அவனுக்கு நண்பனா இருக்கவே இல்லைன்னு சொல்வா. அங்க புத்தகத்தை மூடி வச்சுட்டேன். நான் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அப்படித்தான் இருக்கேன். எல்லாத்துக்கும் சரி, சரி, சரி.

செங்காந்தள்

சின்னமீன், நீ எழுதியது முக்கியமான விஷயம். அந்த இடத்தைத்தான் நானும் பிடித்துக்கொள்ளப்போகிறேன், ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

இந்த நாவலைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் சார்லியின் மென்மை, சார்லியின் கண்ணீர் என்றே பேசுகிறார்கள். அதே நண்பர் கூட்டத்தில் இருக்கும் மேரி எலிசபெத் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் ஆர்வமாக வந்து பழகுகிறாள். அவளோடு இருக்க சார்லிக்கு விருப்பமில்லை. வாரக்கணக்கில் அதைச் சொல்லாமல் இருக்கிறான். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று நமக்குக் கடிதத்தில் புலம்புகிறான், அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு விளையாட்டில், அறையிலேயே அழகான பெண்ணுக்கு முத்தம் கொடு என்று பாட்ரிக் சவால் விடும்போது, மேரி எலிசபெத் பக்கத்தில் இருக்க, எழுந்து போய் சாமுக்குக் கொடுக்கிறான். அவ்வளவு பேர் முன்னால்.

அந்த அறையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கூச்ச சுபாவி யாரையும் புண்படுத்த மாட்டான் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டதால் வரும் காயம் சொன்னதால் வரும் காயத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஷபாஸ்கி இதை மறைக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். கூட்டமே கொஞ்ச நாள் சார்லியைத் தள்ளி வைக்கிறது, மறுபடியும் தனியாகிவிடுகிறான். ஆனால் கதை சொல்பவன் அவன் என்பதால் நம் இரக்கம் முழுக்க அந்தத் தனிமை மீதே விழுந்துவிடுகிறது. மேரி எலிசபெத் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்று நமக்குத் தெரிவதே இல்லை.

பின்வரிசைக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு முடிவில் கோபம். எனக்கு முடிவு அவசியம் என்று தோன்றுவதற்கு இந்த அறைதான் காரணம். இந்தப் பையன் ஏன் இவ்வளவு தூரம் போகும்வரை 'வேண்டாம்' என்று சொல்வதில்லை? முடிவு இல்லாவிட்டால் இதற்குப் பதில் வெறும் கோழைத்தனம் என்றுதான் இருந்திருக்கும்.

கார்முகில்

இவ்வளவு ஆழமாகப் பேச இந்த நாவலில் சரக்கு இருக்கிறதா என்பதே என் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு புகார்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மொழி. பதினைந்து வயதுப் பையன், இலக்கியத்தில் சிறப்பாகச் செய்பவன், ஆசிரியர் தனியாகப் புத்தகம் கொடுக்கும் அளவுக்குத் திறமைசாலி. ஆனால் கடிதங்களை எட்டு வயதுக் குழந்தை எழுதியது மாதிரி இருக்கிறது. பார்த்தேன், அழுதேன், நன்றாக இருந்தது, தூங்கினேன். எத்தனை தடவைதான் அழுவான்? கண்ணீர் மலிந்துவிட்டால் வாசகனுக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது, பிரச்சினைகளின் குவியல். தற்கொலை, காதலியை அடிக்கும் பையன், கருக்கலைப்பு, போதைப்பொருள், வெளியே சொல்ல முடியாத தன்பால் காதல், மகனை அடிக்கும் அப்பா, கடைசியில் சிறுவயதுக் கொடுமை. ஒரே பையனைச் சுற்றி, ஒரே வருடத்தில். வாழ்க்கையில் இப்படி நடக்காது என்று சொல்லவில்லை. ஒரு நாவலுக்கு எது தன்னுடைய மையம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரச்சினையும் வந்து இரண்டு கடிதம் தலைகாட்டிவிட்டு அடுத்ததற்கு வழிவிடுகிறது.

வெண்பலகை

நான் பள்ளி ஆசிரியை. மொழி பற்றிய புகாருக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆங்கில ஆசிரியர் பில் முதலில் கொடுக்கும் புத்தகத்துக்குச் சார்லி கட்டுரை எழுதுகிறான். பில் அதற்கு 'சி' போடுகிறார். வாக்கியத்தை முடிக்காமல் ஒன்றோடு ஒன்று ஓட்டிக்கொண்டே போகிறாய் என்கிறார். வகுப்பில் கற்ற கனமான சொற்களையும் கட்டுரையில் பயன்படுத்து என்கிறார். சார்லி அதை நமக்குச் சொல்லிவிட்டு, அந்தச் சொற்கள் இந்தக் கடிதத்துக்குப் பொருந்தாது என்று விட்டுவிடுகிறான். அந்தச் சொற்கள் அவனுக்குத் தெரியும். நம்மிடம் பேசும்போது வேண்டாம் என்று ஒதுக்குகிறான். அது எழுத வராதவன் செய்கிற காரியம் இல்லை. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து வாயே திறக்காத பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திறந்தால் சில சமயம் இப்படித்தான் இருக்கும். அலங்காரம் ஒன்றும் இருக்காது, ஆனால் ஒரு விஷயத்தை நேராகப் பார்த்திருப்பார்கள்.

பில் செய்வது ஒன்றும் பெரிய சாகசம் இல்லை. இந்தப் பையன் வெறுமனே வேடிக்கை பார்க்கிறான் என்று கவனிக்கிறார். எப்போதும் இப்படித்தான் யோசித்துக்கொண்டே இருப்பாயா என்று கேட்கிறார். வாழ்க்கையில் நீயும் கலந்துகொள் என்கிறார். பிறகு புத்தகங்கள். ஹார்ப்பர் லீ, ஃபிட்ஸ்ஜெரால்ட், சாலிஞ்சர், தோரோ, காம்யு என்று ஒரு வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. அக்காவை அவள் காதலன் அடித்ததைச் சார்லி பில்லிடம்தான் முதலில் சொல்கிறான். பில் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை, உடனே பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அக்காவுக்குச் சார்லி மீது வெறுப்பு வருகிறது. பில் செய்தது சரி. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை மேலே சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடுமோ என்கிற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆபத்து என்று தெரிந்த பிறகு அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

கார்முகில்

வெண்பலகை, கட்டுரை பற்றிச் சொன்னது நியாயம், எளிமை திட்டமிட்டது என்பதை ஏற்கிறேன். திட்டமிட்டது என்பதாலேயே அது நல்ல உரைநடை ஆகிவிடாது. சாலிஞ்சர் பெயரைச் சொன்னீர்கள். 1951இல் வந்த 'தி கேட்சர் இன் த ரை' நாவலிலும் பதின்வயதுப் பையன்தான் பேசுகிறான். அந்தக் குரலில் கோபம் இருக்கிறது, பொய் இருக்கிறது, சண்டை இருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் அவனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சார்லி சொல்லும் எதையும் நான் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை.

நூலகவாசி

அங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். சார்லியை முழுக்க முழுக்கச் சந்தேகிக்க வேண்டும், அவன் பொய் சொல்லாமலேயே.

ஹெலன் அத்தையைப் பற்றி அவன் எழுதுவதை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்துப் பாருங்கள். உலகத்திலேயே தனக்குப் பிடித்தவர் என்கிறான். தன்னை அணைத்துக்கொண்டவர் என்கிறான். டிசம்பர் 24 அவனுடைய பிறந்தநாள், அன்று அவனுக்குப் பரிசு வாங்கப் போய்த்தான் விபத்தில் இறந்தார், அதனால் தன்மேல்தான் பழி என்கிறான். அந்த அத்தைக்கே சிறுவயதில் கொடுமை நடந்தது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். எல்லாம் நம் கண் முன்னால் இருக்கிறது. முதல் வாசிப்பில் நாம் அதைப் பாசம் என்று படித்துக் கடந்துவிடுகிறோம். அவனும் அப்படித்தான் கடந்திருக்கிறான். வாசகனைக் கதைசொல்லியின் மறதிக்குள்ளேயே இழுத்துவிடுகிற இந்த வேலையை அலங்கார நடையில் செய்ய முடியாது. எதையும் அழுத்திச் சொல்லாத குரலில்தான் முடியும்.

ஒற்றைச்சுடர்

பதின்வயதினருக்கான ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) வேலை செய்கிறேன். பின்வரிசை கேட்ட கேள்விக்கு நாவலுக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூச்சத்துக்குக் காயம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய பொம்மை, புதிய ஒலி, புதிய வாசனை காட்டினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கை கால் உதறிக் கலங்கிப்போகிறது. இந்தக் குழந்தைகளில் கணிசமானோர் வளர்ந்தபின் புதிய மனிதர்களிடம் தயங்கி நின்றார்கள். எல்லோரும் அப்படி ஆகவில்லை, அதையும் கேகன் அழுத்தமாகவே சொன்னார். பிறவிச் சாய்வு ஒன்று இருக்கிறது, அதன்மேல் வீடும் பள்ளியும் நண்பர்களும் சேர்கிறார்கள். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ கேட்டபோது ஐந்தில் இரண்டு பேர் அளவுக்குத் தங்களைக் கூச்ச சுபாவி என்றே சொன்னார்கள். அத்தனை பேருக்கும் பின்னால் ஒரு ஹெலன் அத்தை இல்லை. அதனால் உங்கள் கோபம் நியாயமான இடத்திலிருந்தே வருகிறது. என்னிடம் வரும் சில பெற்றோர் அமைதியான பிள்ளையைக் காட்டி, இவனுக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது.

ஆனால் நாவலில் காட்டப்படும் சார்லி வெறும் கூச்ச சுபாவி இல்லை. நேரம் எங்கே போனது என்று தெரியாமல் நிற்கிறான். சில நினைவுகளின் அருகே வந்ததும் எழுத்தே உடைகிறது. முன்பே ஒரு முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறான். சாம் அவனைத் தொடும் இடத்தில் அவன் ஆசை பயமாக மாறுகிறது. இவை கூச்சத்தின் அடையாளங்கள் இல்லை. இரண்டையும் ஒரே பையனிடம் வைத்ததால் வாசகர்கள் குழம்புகிறார்கள். நிஜத்திலும் ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கும், அப்போது பெரியவர்கள் 'அவன் சுபாவமே அப்படித்தான்' என்று கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆபத்து பெரியதாகத் தெரிகிறது.

எனக்கு நெருடலான இடம் வேறு. அடியோடு மறைந்திருந்த நினைவு ஒரு தொடுதலில் மொத்தமாகத் திரும்பி வருகிறது. 1990களில் அமெரிக்காவில் இதைப் பற்றித்தான் பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. நடக்காத ஒன்றைக்கூட, கடையில் தொலைந்துபோனாய் என்று சொல்லிச் சொல்லியே சிலருக்கு நினைவாகப் பதிக்க முடியும் என்று உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் ஆய்வு வெளியிட்டார். நாவல் அந்தச் சண்டையின் நடுவே எழுதப்பட்டு 1999இல் வந்தது. சார்லி விஷயத்தில் யாரும் எதையும் அவன் மனதில் பதிக்கவில்லை, அது உண்மை. ஆனால் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் நான் சந்தித்த பெரும்பாலானோர் ஒருநாளும் மறந்தவர்கள் இல்லை. நினைவு இருந்தது, சொல்ல ஆள்தான் இல்லை. மறந்து பின் நினைவு வருவதே இலக்கணம் என்று இளம் வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்வரிசை

ஒற்றைச்சுடர், உங்கள் பதிவைச் சேமித்து வைத்திருக்கிறேன். மனதார நன்றி.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நீங்களும் நூலகவாசியும் சொல்வது புரிகிறது. என் சிக்கல் வாசகரைப் பற்றியது. பதினைந்து வயதில், தன்னைப் போல ஒருவன் கதையில் இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பிரிவினை தெரியாது. 'அப்படியானால் எனக்கும் ஏதோ நடந்திருக்குமோ' என்று நினைக்கும், அல்லது 'எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை, பிறகு நான் ஏன் இப்படி' என்று இன்னும் குறுகிப்போகும். நான் இரண்டாவது வகை. காரணம் இருக்கும் கூச்சத்துக்குத்தான் மரியாதை, காரணமில்லாத கூச்சம் வெறும் குறை என்கிற எண்ணம் முடிவைப் படித்தபோது எனக்குள் அழுத்தமாக விழுந்தது.

சின்னமீன்

அண்ணா எனக்கு அப்படித் தோணவே இல்லை. எனக்கும் எதுவும் நடக்கல. ஆனா சார்லி கதை என் கதை இல்லைன்னு தெரிஞ்சுதான் படிச்சேன். பார்ட்டில ஓரமா நிக்கிறது மட்டும் என்னோடது, அத்தை விஷயம் அவனோடது. என் வகுப்புல ஒருத்திக்கு அத்தை விஷயம் மாதிரி ஒண்ணு இருக்கலாம், அவளுக்கு அது வேணும் இல்லையா.

நூலகவாசி

சின்னமீன் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை, ஆனாலும் பின்வரிசைக்காக ஒரு இடத்தைச் சுட்டுகிறேன்.

கடைசிக் கடிதத்தில் மருத்துவர் சொன்ன ஒரு கதையைச் சார்லி எழுதுகிறான். குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு சகோதரர்கள். ஒருவன் தச்சனாகி நன்றாக வாழ்கிறான், குடியைத் தொடவே இல்லை. இன்னொருவன் அப்பாவைப் போலவே குடிகாரனாகிறான். ஏன் என்று கேட்டால் இருவரும் அப்பாவையே காரணம் சொல்கிறார்கள். இந்தக் கதையை ஷபாஸ்கி வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார். உண்மை தெரிந்து, பழி யார்மீது என்று தெரிந்து, எல்லாம் விளங்கிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில், காரணம் தெரிவதால் மனிதன் விளங்கிவிட மாட்டான் என்கிறது நாவல். ஹெலன் அத்தையைப் பழித்து, அவருக்குக் கொடுமை செய்தவனைப் பழித்து, அவனுக்கு முன்னால் இருந்தவனைப் பழித்து எங்கே போய் நிற்பது என்று சார்லியே கேட்கிறான்.

அதன்பிறகு சுரங்கப்பாதை. முதல் பயணத்தில் வண்டி பிட்ஸ்பர்க் சுரங்கத்தைக் கடக்கும்போது சாமுக்கும் பாட்ரிக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பான். கடைசிக் கடிதத்தில் அதே சுரங்கத்தில் வண்டியின் பின்புறம் எழுந்து நிற்கிறான். அப்போதும் அவன் அதிகம் பேசுபவனாக மாறிவிடவில்லை. முடிவு அவனுடைய கூச்சத்தைக் குணப்படுத்தவில்லை, கவனித்தீர்களா? குணப்படுத்த வேண்டிய நோய் என்று நாவல் நினைத்திருந்தால் மேடையேறிப் பேச வைத்திருக்கும்.

பின்வரிசை

சகோதரர்கள் கதை வலுவான ஆதாரம்தான். ஆனால் அது ஒரு பத்தி, அத்தை விஷயம் ஒரு இடி. இடி விழுந்த காதில் பத்தி கேட்பதில்லை. இந்த அளவில் என் கருத்து அப்படியே நிற்கிறது. சுரங்கம் பற்றிச் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை போய்ப் படிக்கப்போகிறேன்.

செங்காந்தள்

கார்முகில், குவியல் என்று சொன்னீர்களே, அதில் கருக்கலைப்பையும் சேர்த்தீர்கள். அதை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். அக்கா கர்ப்பமாகிறாள். காதலன் கைவிடுகிறான். அவள் வந்து நிற்பது யாரிடம்? ஒரு காலத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்று வெறுத்த தம்பியிடம். சார்லி வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான், காத்திருக்கிறான், வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை. முன்பு அவன் வாய் திறந்தது அவளைக் காப்பாற்றியது, இப்போது வாய் திறக்காததும் அவளைக் காப்பாற்றுகிறது. எப்போது எது வேண்டும் என்று இந்தப் பையன் கற்றுக்கொள்கிறான். இது மையத்துக்கு வெளியே இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஷபாஸ்கியே எழுதி இயக்கிய 2012 படத்தில் இந்தப் பகுதி இல்லை, அதனால் அக்கா அங்கே வெறும் அக்காவாக நின்றுவிடுகிறாள். படத்தில் எனக்குப் பெரிய குறை அதுதான்.

அப்பா அழும் இடமும் அப்படித்தான். 'மாஷ்' தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயத்தைக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறது. அப்பா எழுந்து சமையலறைக்குப் போகிறார். பின்னால் போன சின்னப் பையன் சார்லி அவர் அழுவதைப் பார்த்துவிடுகிறான். இது நமக்குள் இருக்கட்டும் என்கிறார் அப்பா. கார்முகில் கேட்டாரே எத்தனை தடவை அழுவான் என்று, அந்த வீட்டில் மறைக்காமல் அழுவதே இவன் ஒருவன்தான்.

கார்முகில்

அக்கா பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் பலம் இருக்கிறது. அப்பா அழுவது புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. மீதிக் குவியல் பற்றிய புகார் நீடிக்கிறது. மைக்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் தற்கொலையில்தான் புத்தகமே தொடங்குகிறது. நடுவில் அவனை நாவல் கிட்டத்தட்ட மறந்துவிடுகிறது. ஒரு பதினைந்து வயதுப் பையன் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டான்.

ஒற்றைச்சுடர்

மைக்கேல் விஷயத்தில் கார்முகிலோடு நிற்கிறேன். நெருங்கியவரைத் தற்கொலையில் இழந்த பிள்ளைகளுக்கு 'ஏன்' என்ற கேள்வி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். ஒரு குறிப்புகூட வைக்காமல் போய்விட்டானே என்று சார்லி தொடக்கத்தில் தவிக்கிறான். பிற்பாதியில் அந்தத் தவிப்பு இன்னும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும்.

இரவுப்பறவை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகளுக்குப் பதினான்கு வயது. நிறையப் படிப்பாள், யாரிடமும் பேச மாட்டாள். அவளாகவே இந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாள். தேடிப் பார்த்தால், அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் அதிக எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் பல வருடங்கள் இது இடம்பெற்றிருக்கிறது, 2022, 2023 உட்பட. கொடுக்கலாமா, வேண்டாமா? ஆசிரியர், ஆற்றுப்படுத்துநர் இருவரும் இங்கே இருப்பதால் நேரடியாகக் கேட்கிறேன்.

வெண்பலகை

முதலில் நீங்கள் படியுங்கள் சார். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். எதிர்ப்பவர்கள் சொல்லும் விஷயங்கள் புத்தகத்தில் இருக்கின்றன: பாலியல், போதை, ஒரு விருந்தில் நடக்கும் பலாத்காரத்தைச் சார்லி சிறுவனாக இருந்தபோது பார்த்த காட்சி. அந்தக் காட்சிதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, முடிவைவிட. அது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருகிறது. என் அனுபவத்தில் பதினான்கு வயதில் சிலர் தயார், சிலர் தயார் இல்லை. தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் படிப்பாள், அப்போது அந்தக் காட்சியோடு தனியாக இருப்பாள்.

ஒற்றைச்சுடர்

வெண்பலகை சொன்னதோடு ஒன்று. படித்து முடித்ததும் கேள்வி கேட்டு நச்சரிக்காதீர்கள். 'உனக்கும் இப்படி ஏதாவது' என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், பேசாத பிள்ளை இன்னும் மூடிக்கொள்ளும். பில் பற்றியோ அக்கா பற்றியோ உங்களுக்குத் தோன்றியதை நீங்கள் முதலில் சொல்லுங்கள். எழுதுவது அவளுக்கு எளிது என்றால் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், நீங்களும் அதே பிரதியில் எழுதுங்கள். முடிவில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கதையின் அதிர்ச்சி குறையும், பரவாயில்லை.

சின்னமீன்

அங்கிள், முடிவை சொன்னாலும் புத்தகம் கெட்டுப்போகாது. எனக்கு என் அக்கா முன்னாடியே சொல்லிட்டா. அதனாலதான் அத்தை பத்தி வர்ற ஒவ்வொரு வரியும் எனக்கு முதல் தடவையே தெரிஞ்சுது. சார்லி கடிதம் எழுதற மாதிரி உங்க பொண்ணுக்கும் எழுதத் தோணும், எனக்குத் தோணிச்சு. அதை மட்டும் எடுத்துப் படிச்சுடாதீங்க ப்ளீஸ்.

இரவுப்பறவை

படிக்க மாட்டேன் அம்மா, வாக்கு. பென்சில் யோசனை பிடித்திருக்கிறது. இன்று இரவே நான் படிக்க ஆரம்பிக்கிறேன். பில் கொடுக்கும் புத்தகங்களில் ஹார்ப்பர் லீ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அவள் படித்துவிட்டாள். அடுத்தது எதைக் கொடுக்கலாம் என்று வெண்பலகை சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்பலகை

'பீட்டர் பேன்' கொடுங்கள் சார். பில் பட்டியலில் அதுவும் உண்டு. சின்னக் குழந்தைகளின் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள், இந்த வயதில் படித்தால் முற்றிலும் வேறு புத்தகம் அது. ஃபிட்ஸ்ஜெரால்ட் இன்னும் இரண்டு வருடம் கழித்துப் போதும்.